வீட்டில் பேசும் பாஷை: ஒரு சாமி ஆய்வாளருடன் தெரணியகலைக்கு

இந்த வலைப்பூவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பனி, துருவ ஒளி, நோர்வே ரயில் டிக்கட் விலை என்று கேட்டு எழுதுபவர்கள். இந்த முறை எதிர்த்திசையில் ஒரு பயணம். போன டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நோர்வேயின் வட கோடியில் இருந்து ஒருத்தியை எங்கள் சப்ரகமுவைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு ஊர் எஹலியகொட. வாப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான் சில வருடங்களாக அந்த வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சாமி மக்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சாமி என்பது நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கின் வடபகுதியிலும் வாழும் பூர்வகுடி மக்களின் பெயர். கோயில் சாமிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சிரிப்பதை இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது முடிய இரண்டு நாள் ஆனது.

கூட வந்தவள் மாரெத். கடலோரச் சாமி குடும்பத்தில் பிறந்தவள். கலைமான் மேய்ப்பவர்கள்தான் சாமிகள் என்று நினைத்தால் அவள் பொறுமையாகத் திருத்துவாள். அவள் வீட்டில் இருந்தவை ஆடுகளும் ஒரு படகும்தான். ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் என்றால் நோர்வே மொழி மட்டும். பிள்ளைகளை விடுதிகளில் வைத்துப் படிப்பித்தார்கள். அதில் அடிபட்ட தலைமுறை, தன் பிள்ளைகளாவது தப்பட்டும் என்று வீட்டிலும் சாமி பேசுவதை நிறுத்திக்கொண்டது. மாரெத்தின் ஆய்வு அந்தத் தாய்மாரைப் பற்றியது. அங்கே சாமிகளுக்குத் தனி நாடாளுமன்றம் இருக்கிறது. அதன் வாக்காளராகப் பதிய, நான் சாமி என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்களோ, பெற்றோரோ, அவர்களுக்கு முந்திய இரண்டு தலைமுறையில் யாராவது ஒருவரோ வீட்டில் சாமி பேசியிருக்க வேண்டும். ஆக, அடுப்படியில் அம்மா என்ன பாஷையில் பேசினாள் என்பது அங்கே ஓட்டுரிமை வரைக்கும் போகிற விஷயம்.

இதை முதல் தரம் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துத் தோட்டங்கள்தான். நுவரெலியாவில் தமிழர் கூட்டமாக இருக்கிறார்கள். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் அப்படி இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே தொழிலாளர்களின் வரிசை வீடுகளாக நாலு லயம், சுற்றிவரச் சிங்களக் கிராமம். அங்கே இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று மாரெத்திடம் சொன்னேன். வருகிறேன் என்றாள்.

பயண விவரம். எஹலியகொடயில் இருந்து காலை ஆறரைக்கு அவிசாவளை பஸ். பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வேலைக்குப் போகிற நேரமாகையால் முக்கால் மணி நேரம் பிடித்தது. அவிசாவளை ஸ்டாண்டில் தெரணியகலை பஸ்ஸுக்கு மாறினோம். டிக்கட் ஆளுக்கு இருநூறு ரூபாய்க்கு உள்ளேதான் வரும். தெஹியோவிட்ட தாண்டியதும் வலப்பக்கம் உட்காருங்கள், ஆறு தெரியும். மாரெத் ஜன்னலைத் திறந்து வைத்து மழையில் நனைந்துகொண்டே வந்தாள். பின் சீட்டில் இருந்த அம்மா என்னிடம் சிங்களத்தில், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றார். பத்து பாகை வெப்பத்துக்கே நிழலைத் தேடும் ஊர்க்காரி அவள், மழை அவளை என்ன செய்யும். நான் தலையாட்டிவைத்தேன்.

தெரணியகலையில் ராஜன் அண்ணன் திரீவீலருடன் நின்றார். வாப்பா கடையில் பல வருடம் வேலை செய்தவர், பிறகு சொந்தமாக வண்டி எடுத்துக்கொண்டார். அவர் வீடு இருக்கும் தோட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். வழக்கமான கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. பாதி வழிக்கு மேல் ரோடு என்று ஒன்று கிடையாது, கல்லும் தண்ணீரும்தான். இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு உப்பு, சவர்க்காரம் ஏதாவது கொண்டு போங்கள்.

ராஜன் அண்ணன் வழியெல்லாம் பேசினார். "தங்கச்சி, இந்த மிஸ்ஸோட ஊர்லயும் லயம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை, தனித்தனி மரவீடு என்றேன். "அப்ப அடுத்த வீட்டுச் சண்ட கேக்காது. பாவம், பொழுது போகாதே," என்றார். எதிரே யாராவது வந்தால் சிங்களத்துக்கு மாறுவார், அவர் தாண்டியதும் வாக்கியத்தை விட்ட இடத்தில் தமிழில் எடுப்பார். மாரெத் இதைக் கவனித்துவிட்டு என் முழங்கையைத் தட்டினாள்.

லயத்தில் அவர் வீடு கடைசி காம்பரா. முன்னால் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், காகித நட்சத்திரம் தொங்கியது. அவர் மனைவி ஜெசிந்தா ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வெட்டு இல்லை. அதனால் அன்று வீட்டில் இருந்தார். ரொட்டியும் கட்டசம்பலும் தந்தார். மாரெத் உறைப்பில் கண் கலங்கி, மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினாள்.

மகள் நிமேஷாவுக்கு ஐந்து வயது. கதவுக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துவ, மெஹெ எண்ட," மகளே இங்கே வா என்று ஜெசிந்தா சிங்களத்தில் கூப்பிட்டார். எங்களிடம் தமிழ், கணவரிடம் தமிழ், மகளிடம் மட்டும் சிங்களம். நான் பிள்ளையிடம் தமிழில் பெயர் கேட்டேன். அவள் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மாரெத்துக்கு ஒரு வேலைமுறை இருக்கிறது, அதில் அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். ஒரு வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி அவளுடையதாக இருக்காது. தன் குடும்பம், தன் ஊர், தான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் கேட்பதற்கெல்லாம் முதலில் பதில் சொல்வாள். அவர்கள் கேட்டு முடித்தால்தான் இவள் தொடங்குவாள். ரெக்கோடர் வெளியே வராது. அவள் ஊரில் பாட்டன்மார் காலத்தில் வெளியில் இருந்து அறிஞர்கள் வந்து சாமிகளின் தலையை அளந்துகொண்டு போனார்கள். அளந்தவர்கள் யாரும் திரும்பி வந்து என்ன கண்டுபிடித்தோம் என்று சொன்னதில்லை. அந்தக் கோபம் இந்த முறையில் இருக்கிறது.

இந்த முறையால் ஆய்வு மெதுவாகத்தான் நகரும் என்று நான் பல தடவை முணுமுணுத்திருக்கிறேன். அன்று பகல் முழுக்க ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே மழையா பனியா, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகவில்லை. நான் நோர்வே மொழிக்கும் தமிழுக்கும் நடுவே ஓடி ஓடி வாய் வலித்துப்போனேன். (ஆம், நானும் மாரெத்தும் பேசிக்கொள்வது நோர்வே மொழியில்தான். அவள் பாஷையை விழுங்கிய அதே பாஷை. இரண்டு பேருக்கும் பொதுவாக வேறொன்று சரளமாக இல்லை.)

மாலை ஆறரைக்கு ஜெசிந்தா மெழுகுதிரி ஏற்றி, மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். செபமாலை கையில் இருந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. நிமேஷா அம்மாவின் தோளில் சாய்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காம்பராவில் அதே செபத்தைக் குடும்பமே உரத்துச் சொல்வது சுவர் வழியாக வந்தது. நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தேன். பக்கத்து வீட்டில் அவ்வளவு சத்தம், இந்த வீட்டில் இவ்வளவு அமைதி. எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முடிந்ததும் மாரெத், இன்னும் கேள்விகள் இருக்கின்றனவா, இல்லையென்றால் நான் ஒன்று கேட்கலாமா என்றாள். கேளுங்க என்றார் ஜெசிந்தா. ஏன் வாய்க்குள்ளேயே செபம் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஜெசிந்தா ராஜன் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டவுன்ல சிங்கள ஸ்கூல்ல சேக்கப் போறோம் மிஸ். அங்க இருக்கிற டீச்சர் சொன்னாங்க, வீட்லயும் சிங்களமே பேசுங்க, இல்லாட்டி புள்ள பின்னுக்கு விழுந்துரும்னு. நல்ல மனுசி, நம்ம புள்ளைக்காகத்தான் சொன்னாங்க. நானும் பேசுறேன். சமைக்க, ஏச, கொஞ்ச, எல்லாம் சிங்களத்துல ஏலும். செபம் மட்டும் வர மாட்டேங்குது. வாயத் தொறந்தா தமிழாத்தான் வருது. அதான் தொறக்கிறதில்ல."

எஸ்டேட் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றேன். ராஜன் அண்ணன் குறுக்கிட்டார். "அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தங்கச்சி. அதுக்கப்புறம் தமிழ்ல படிக்க ரெண்டு பஸ் மாறணும். பொம்பளப் புள்ளய விடிய முன்ன எப்பிடி அனுப்புறது? பாதியில நின்னு, அம்மா மாதிரியே பிரட்டுக்குப் போய் நிக்கும்." பிரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடும் இடம். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலேயே என் தம்பி சிங்களத்தில்தான் படித்தான், இன்று வங்கியில் இருக்கிறான், அவன் வாப்பாவுக்குச் சிங்களத்தில் அனுப்பும் வாட்ஸ்அப்பை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

"நாளைக்குப் பிரின்சிபல் கிட்ட முடிவு சொல்லணும்," என்றார் ஜெசிந்தா. "நான் சரின்னுதான் இருந்தேன். போன கிழம கடையில சாமான் வாங்கும்போது இவரு போன் எடுத்தாரு, நான் தமிழ்ல பேசிட்டேன். இவ என் சேலயப் புடிச்சு இழுத்து, 'அம்மே, எஹெம கத்தா கரண்ட எப்பா'ங்கிறா."

அம்மா, அப்படிப் பேச வேண்டாம் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. பிள்ளை காதில் விழக்கூடாது என்று சிரித்து மறைத்தார். நான் மாரெத்துக்கு மொழிபெயர்த்தேன். மாரெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் அம்மா அவளிடம் ஒரு நாளும் சாமி பேசியதில்லை. ஆட்டுக் கொட்டிலில் தனியாக இருக்கும்போது மட்டும் சாமியில் வேதப்பாட்டுப் பாடுவாராம். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டு இவளுக்கு மெட்டு தெரியும், ஒரு வார்த்தை தெரியாது. இருபத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, புத்தகம் வைத்து, பரீட்சை எழுதித் தன் பாஷையைப் படித்தாள். இப்போது அதில் கட்டுரை எழுதுகிறாள். அம்மாவிடம் அதில் பேசினால் அம்மா இன்றைக்கும் நோர்வே மொழியில்தான் பதில் சொல்கிறார்.

ஜெசிந்தா அசையாமல் கேட்டார். மாரெத்தை நேராகப் பார்த்து, என்னிடம், "கேளுங்க மிஸ். அவங்க அம்மா மேல அவங்களுக்குக் கோவமா?" என்றார்.

"யா," என்றாள் மாரெத். ஆம்.

பயணக் கட்டுரையில் இதை எழுத வேண்டுமா தெரியவில்லை, எழுதுகிறேன். கொஞ்சம் வருத்தம்தானாம் என்று ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நாளைக் காலை முடிவு சொல்லப் போகிற தாயிடம் ஒற்றைச் சொல்லில் இதைப் போடுவதா? மாரெத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். குறைக்காமல் சொல் என்றாள்.

"ஆமாவாம்," என்றேன். "கோவமாம்."

ஜெசிந்தா, அவங்க அம்மா என்ன வேலை செய்தார் என்று கேட்டார். மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார் என்று மாரெத் சொன்னாள்.

"கத்தி வேலையா?"

"ஆமா. குளிர்ல நின்னுக்கிட்டு," என்றேன்.

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீங்களும் கொறைக்காமச் சொல்லுங்க," என்றார் ஜெசிந்தா. அவரும் தினம் கத்தி பிடிக்கிறவர்தான். "அந்தம்மா இவங்க கிட்ட இருந்து பாஷயப் புடுங்கல. இவங்க கைக்கு அந்தக் கத்தி வராமப் பாத்துக்கிட்டாங்க. வேற வழி யாரும் காட்டல அவங்களுக்கு. கோவம் இருந்தா இருக்கட்டும். ஆனா அத அந்தம்மா கிட்ட சொல்லிற வேணாம். தாங்க மாட்டாங்க."

நான் அப்படியே சொன்னேன். மாரெத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லிவிட்டேன்," என்றாள். "போன வருடம்."

ஜெசிந்தாவுக்கு நான் இதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. எழுந்து போய் மாரெத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மரப்பால் கறை படிந்து கறுத்த கை. மாரெத் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல வருடம் எத்தனையோ தாய்மாரைக் கேள்வி கேட்டவள், தன் தாய்க்காக ஒரு தாய் வாதாடி அன்றுதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

அன்று இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். மழைக்குக் கீழ்ப்பாதையில் மண் சரிந்திருந்தது. டிசம்பரில் போகிறவர்கள் ஒரு மாற்று உடுப்பும் ஒரு நாளும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலைக்குள் மண்ணை அள்ளி வழி விட்டிருந்தார்கள். மகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, எல்லாம் தயார். புறப்படும் முன் ஜெசிந்தா மாதா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டார். வாயைத் திறந்து, உரத்து, தமிழில் செபம் சொன்னார். ராஜன் அண்ணன் வண்டிச் சாவியுடன் இஸ்தோப்பில் அப்படியே நின்றார். நிமேஷாவுக்கு ஆச்சரியம். அம்மாவுக்கு இந்தக் குரல் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும். திரீவீலரில் அம்மாவின் மடியில் இருந்துகொண்டு, என்ன சொன்னீங்க என்று சிங்களத்தில் கேட்டாள். ஜெசிந்தா ஒரு வரி தமிழில் சொல்வார், அதற்குச் சிங்களத்தில் அர்த்தம் சொல்வார், பிறகு அடுத்த வரி. கல் ரோட்டில் வண்டி தூக்கித் தூக்கிப் போட, இறக்கம் முழுவதும் இதுதான் நடந்தது.

சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார்கள். வேறு முடிவை எதிர்பார்த்து வாசித்தவர்கள் மன்னிக்கவும். தரம் பதினொன்று வரை தமிழில் படிக்க அந்த ஏற்றத்தில் இருந்து நல்ல வழி ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

பள்ளிக்கூட வாசலில் மாரெத் தன் வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டாள். எங்களுக்கு இவ்வளவு கொடுத்தீர்கள், நாங்கள் திருப்பித் தரக்கூடியது என்ன? ஆய்வு முடிந்ததும் எழுதியதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவாள், அது அவள் கடமை. அதைத் தவிர என்ன? புத்தகம், பள்ளிச் சாமான், ஏதாவது கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஒண்ணும் வேணாம் மிஸ்," என்றார் ஜெசிந்தா. பிறகு யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நேத்து படுக்கும்போது இவ என் கிட்ட கேட்டா, அந்த அக்கா லயத்து ஆளான்னு. இல்ல, வெளிநாட்டுல படிக்கிறவங்கன்னேன். படிச்சவங்களும் தமிழ் பேசுவாங்களான்னு கேக்குறா. அவ பாத்த படிச்ச ஆளுங்க எல்லாம் சிங்களம், இல்லாட்டி இங்கிலீஸ். தமிழ் பேசுறவங்கன்னா மலைக்கு வேலைக்குப் போறவங்க, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க எழுதுறீங்கன்னு இவரு சொன்னாரு. வாசிக்கிறவங்கள இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. நல்லா உடுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க."

தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. வீட்டையும் ஆட்களையும் பற்றி எழுதலாம் என்றார்கள். ஆகவே வழியை மறுபடி சொல்கிறேன். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் காலையிலேயே கிளம்பி அவிசாவளை வந்து, தெரணியகலை பஸ் பிடித்து, ஸ்டாண்டில் இறங்கி ராஜன் என்று கேளுங்கள். ஏற்றத்துக்கு மேலே நீர்வீழ்ச்சி ஒன்று இருக்கிறது, ரப்பர் காடு அழகு, மூடுபனி உண்டு, படம் எடுக்கலாம். ஞாயிறு மத்தியானம் போனால் ஜெசிந்தா வீட்டில் இருப்பார். சாப்பாட்டுக்கு முதல் நாளே ராஜன் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

நிமேஷாவிடம் தமிழில் பேசுங்கள். சிங்களத்தில்தான் பதில் வரும், திருத்தாதீர்கள், நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். டாக்டர் என்றால் டாக்டர் என்று சொல்லுங்கள். கணக்காளர், டீச்சர், பைலட், எதுவானாலும் தமிழில் சொல்லுங்கள், அவள் நம்பும் வரை சொல்லுங்கள்.

அவளுக்கு ஐந்து வயது நடக்கிறது. சீக்கிரம் போங்கள்.